டிமென்ஷியா வகைகளைப் பிரித்தறிவதில் மூளைப் படங்களின் இடம்

டிமென்ஷியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன், நடத்தை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ படிப்படியாகக் குலைந்து, ஒருவர் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ள இயலாத நிலையை எட்டும்போது அந்நிலைக்கு மருத்துவம் இட்ட பொதுப்பெயரே அது. காய்ச்சலுக்கு மலேரியாவும் காரணமாகலாம், டைபாய்டும் காரணமாகலாம் என்பதைப் போல இந்நிலைக்கும் காரணங்கள் பல. அவற்றுள் அல்சைமர் நோய், மூளையின் இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வருவது, லூயி பாடி எனப்படும் புரத உருண்டைகள் நரம்பணுக்களுக்குள் சேர்வதால் வருவது, நெற்றிமடலும் பொட்டுமடலும் சுருங்குவதால் வருவது ஆகிய நான்கும் முதன்மையானவை. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி நெற்றிமடல், காதை ஒட்டிய பகுதி பொட்டுமடல், தலையுச்சியின் பின்பக்கத்தில் உள்ளது உச்சிமடல், பின்னந்தலையில் உள்ளது பிடரிமடல். இந்நான்கு மடல்களில் எது முதலில் நலிகிறது என்பதே வகைகளைப் பிரிக்கும் முயற்சியின் தொடக்கப் புள்ளியாக இருந்து வந்துள்ளது.

எந்த வகையையும் முழுமையாகக் குணப்படுத்த மருந்தில்லாதபோது வகை பிரித்து ஆகப்போவது என்ன என்ற கேள்வி நெடுங்காலம் மருத்துவர்களிடையேயும் இருந்தது. அக்கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் சரியானதன்று. லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது வழக்கம். அதைக் கண்டு அஞ்சும் குடும்பத்தினர் மருத்துவமனைக்கு அழைத்துவரும்போது, மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுக்கப்பட்டால், உடல் விறைத்து, உணர்வு மங்கி, சிலர் உயிரிழக்கும் அளவுக்கு நிலைமை முற்றக்கூடும். அதே நோயாளிக்கு, அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் வகை மருந்துகள் நல்ல பலன் தருகின்றன; நெற்றி-பொட்டுமடல் வகையிலோ அம்மருந்தால் பலனில்லை, சிலருக்கு அமைதியின்மை கூடவும் செய்கிறது. ஆகவே வகையைப் பிரித்தறிவது ஏட்டளவிலான வேலையன்று. எந்த மருந்தைக் கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்பதை முடிவுசெய்யும் வேலை.

இவ்வகைகள் எல்லாம் முதலில் இறந்தவர்களின் மூளையில் கண்டறியப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நெற்றி, பொட்டுமடல்களின் குறிப்பிட்ட சுருக்கத்தைப் பிராகாவில் ஆர்னால்ட் பிக் 1892-இல் விவரித்தார். அலோயிஸ் அல்சைமர் 1906-இல் தம் நோயாளி ஒருவரின் மூளையில் தாம் கண்ட படிவுகளையும் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக் கிடந்த இழைகளையும் பற்றி டூபிங்கனில் உரையாற்றினார். ஃபிரிட்ஸ் லூயி 1912-இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் கண்ட உருண்டைகள், மூளைப் புறணியெங்கும் பரவி டிமென்ஷியாவையே உண்டாக்கக்கூடும் என்பதை ஜப்பானின் கென்ஜி கோசகா 1976-இல் எடுத்துக்காட்டினார். இவை யாவும் இறந்தபின் மூளையை எடுத்து ஆராய்ந்து கண்டவை. உயிருள்ளவரிடம் அந்த அறிவைப் பெற முயல்வதே மூளைப் படமெடுப்பின் வரலாறு. அம்முயற்சி எந்த இடத்தில் வென்றுள்ளது, எங்கே தயங்கி நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி ஸ்கேன் கருவியில் 1971 அக்டோபரில் இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டபோது, மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் குறுக்குவெட்டைக் காண வழி பிறந்தது. டிமென்ஷியாவைப் பொறுத்தவரை சிடி ஸ்கேனின் பயன் பெரும்பாலும் விலக்கலில்தான் இருக்கிறது. முதியவர் எப்போதோ இடறி விழுந்து, மறந்தும் போன ஒரு சிறு அடியால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே வாரக்கணக்கில் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். மெல்ல வளரும் கட்டி நெற்றிமடலை அழுத்தியிருக்கலாம். இவற்றை அறுவை மருத்துவத்தால் சரிசெய்ய முடியும். சாலமோன் ஹகீமும் ரேமண்ட் ஆடம்ஸும் 1965-இல் விவரித்த இயல்பழுத்த நீர்மூளை நோயும் இவ்வரிசையில் சேரும். மூளை அறைகளில் நீர் தேங்கி அவை விரிவதால், தரையில் கால் ஒட்டிக்கொண்டதைப் போன்ற நடையும், சிறுநீரை அடக்க இயலாமையும், சிந்தனை மந்தமும் ஒருசேர வருவது இந்நோயின் தன்மை. தேங்கிய நீரைக் குழாய் வைத்து வயிற்றுக்குத் திருப்பினால் பலருக்கு நடையாவது மீள்கிறது. மூளை சுருங்கியதால் அறைகள் பெரிதாகத் தெரிவதையும் நீர் தேங்கி விரிவதையும் பிரிக்க, உச்சிப் பகுதியின் மடிப்புகள் நெருக்குண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். சுருக்கத்தில் மடிப்பிடைவெளிகள் அகலும், நீர்த்தேக்கத்தில் உச்சியில் அவை ஒடுங்கும்.

எம்ஆர்ஐ வந்தபின் விலக்கலைத் தாண்டி, இன்ன வகை என்று சுட்டுவதற்கான தடயங்களும் கிடைக்கத் தொடங்கின. காந்தப் புலத்தில் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சைகையைக் கொண்டு வரையப்படும் இப்படத்தில் சாம்பல்நிறப் புறணியும் அதனடியில் உள்ள வெண்பொருளும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் சிற்றுறுப்பு பொட்டுமடலின் உட்பக்கத்தில் இருக்கிறது. அல்சைமர் நோயில் முதலில் நலியும் இடங்களுள் அது ஒன்று. காதுக்குக் காது செல்லும் செங்குத்து வெட்டில் அதன் உயரத்தையும் அதைச் சூழ்ந்த நீர்வெளியின் அகலத்தையும் கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறையை ஃபிலிப் ஷெல்டன்ஸ் குழுவினர் 1992-இல் வகுத்தனர். கணினி அளவீடுகள் பெருகிய இக்காலத்திலும் அம்முறை அன்றாட மருத்துவத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதற்கு வேண்டியது பழகிய கண் ஒன்று மட்டுமே என்பதுதான். பல ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி நலமுள்ள முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1.4 விழுக்காடும், அல்சைமர் நோயாளிகளுக்குச் சுமார் 4.7 விழுக்காடும் சுருங்குகிறது.

நெற்றி-பொட்டுமடல் வகையில் படம் வேறுவிதமாக அமைகிறது. நடத்தை மாறி, பிறர் மனம் நோவதை உணராமல் போகும் நோயாளிகளிடம் நெற்றிமடல் சுருங்கியிருக்கும். சொற்களின் பொருளே நழுவிப்போகும் நோயாளிகளிடம் இடப்பக்கப் பொட்டுமடலின் முன்நுனி மெலிந்து போயிருக்க, அதற்குச் சில சென்டிமீட்டர் பின்னால் உள்ள பகுதி ஏறக்குறைய இயல்பாக இருக்கும். முன்பக்கம் நலிந்து பின்பக்கம் தப்பிய இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தவுடனே அனுபவமுள்ள கதிர்ப்பட மருத்துவர் வகையைச் சொல்லிவிட முடிகிறது. இதற்கு நேர்மாறானது, அல்சைமர் நோயே மூளையின் பின்பகுதியில் தொடங்கும் அரிய வடிவம். இவர்களுக்கு நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் மேசைமேல் இருக்கும் குவளையைக் கை தேடும், வரிகளைத் தொடர்ந்து வாசிக்க இயலாது. முதலில் கண் மருத்துவரிடம் சென்று, கண்ணாடியை மாற்றியும் பயனின்றி அலைபவர்கள் இவர்களே. எம்ஆர்ஐ படத்தில் உச்சிமடலின் பின்பகுதியைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த அலைச்சல் குறையும். ஹிப்போகாம்பஸை மட்டும் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற இயல்பு என்று எழுதிவிடும் அறிக்கைகளால்தான் அது நீள்கிறது.

இரத்தக்குழாய்ப் பாதிப்பை அறிய எம்ஆர்ஐக்கு நிகரான கருவி இல்லை. பெரிய பக்கவாதத்தின் தழும்பு சிடி ஸ்கேனிலும் தெரியும். ஆனால் நீண்டநாள் இரத்தக்கொதிப்பாலும் நீரிழிவாலும் நுண்குழாய்கள் கெட்டு வெண்பொருளில் தோன்றும் மாற்றங்களும், கடுகளவு இரத்தக்கசிவுகளும் எம்ஆர்ஐயின் தனிமுறைகளில்தான் தெளிவாகின்றன. கசிவு எங்கே இருக்கிறது என்பது காரணத்தையும் சொல்கிறது. மூளையின் ஆழ்பகுதியில் இருந்தால் இரத்தக்கொதிப்பும், புறணியை ஒட்டிய மடல் பகுதிகளில் மட்டும் இருந்தால் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்த நிலையும் ஐயத்துக்குரியவை. எனினும் 70 வயதைக் கடந்தவர்களில் வெண்பொருள் மாற்றம் ஓரளவேனும் இல்லாதவர் அரிது என்பதால், படத்தில் அது இருப்பதாலேயே டிமென்ஷியாவுக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. மாற்றத்தின் அளவும், அது அமைந்த இடமும், நோய் வளர்ந்த காலவரிசையும் ஒத்துவர வேண்டும். சில வாரங்களிலேயே முற்றும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயில் மட்டும் எம்ஆர்ஐயின் தீர்ப்பு பெரும்பாலும் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் படத்தில் புறணியின் விளிம்பும், மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களான ஆழ்முடிச்சுகளும் வெண்மையாக ஒளிர்கின்றன.

உறுப்பு சுருங்குவதற்கு முன்பே அதன் வேலை குறையும் என்ற எண்ணத்தில் பிறந்தது எஃப்டிஜி பெட் ஸ்கேன். குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 அணுவைப் பொருத்தி நரம்பில் செலுத்தினால், உழைக்கும் நரம்பணுக்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். எந்தப் பகுதி எவ்வளவு உறிஞ்சியது என்பதைக் கருவி வண்ணப்படமாகக் காட்டும். இதற்கான ஏற்பாடு எளியதுபோல் தோன்றினாலும் கவனம் வேண்டுவது. நோயாளி நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வெறும்வயிற்றோடு வர வேண்டும். ஊசி போட்டபின் ஏறத்தாழ அரைமணி நேரம் மங்கிய ஒளியுள்ள அமைதியான அறையில் பேச்சின்றி, படிப்பின்றி, கைப்பேசியின்றி இருக்க வேண்டும். அந்நேரத்தில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் அதற்காக உழைத்த பகுதிகள் கூடுதலாக உறிஞ்சி, படத்தின் சமநிலையைக் குலைத்துவிடும். இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தால் சாதாரணக் குளுக்கோஸே செல்களில் இடம்பிடித்துக்கொள்வதால் படம் மங்குவது மட்டுமன்றி, அல்சைமர் நோயைப் போன்ற தோற்றமும் உண்டாகலாம். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் இந்த ஒரு குறிப்பைத் தனியே வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இப்படத்தில் அல்சைமர் நோய் உச்சி-பொட்டுமடல் சந்திப்பிலும், மூளையின் நடுவரையை ஒட்டிய பின்பகுதியிலும் குறைவைக் காட்டும். நெற்றி-பொட்டுமடல் வகை முன்பகுதியில் காட்டும். லூயி பாடி வகையில் பார்வைக்குரிய பிடரிமடல் குன்றியிருக்க, நடுவரைப் பின்பகுதியின் ஒரு சிறு பரப்பு மட்டும் தீவுபோல் தப்பியிருக்கும். முதல் இரண்டையும் பிரிப்பதில் எஃப்டிஜி படத்தின் மதிப்பு நன்கு நிறுவப்பட்டது. இறந்தபின் மூளைப் பரிசோதனையால் நோய் உறுதியான 45 பேரின் படங்களைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வொன்றில், படம் பார்த்த மருத்துவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரில் சரியாகச் சொன்னார்கள். நோய்க்குறிகளை மட்டும் வைத்துச் சொன்னதைவிட அது தெளிவாக மேலானது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு 2004-இலேயே இந்த ஒரு பிரிப்புக்காக மட்டும் இப்படத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டிருந்தது.

லூயி பாடி வகையை அல்சைமரிலிருந்து பிரிப்பதற்கு டோபமைன் கடத்திப் படம் என்னும் ஸ்பெக்ட் முறை, படமெடுப்பின் சாதனைகளுள் மிகத் தெளிவான ஒன்று. இந்நோயில் நடுமூளையிலிருந்து ஆழ்முடிச்சுகளுக்குச் செல்லும் டோபமைன் நரம்புகள் அழிகின்றன. அல்சைமரில் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அந்நரம்புகளின் முனையில் ஒட்டிக்கொள்ளும் அயோஃப்ளுபேன் என்ற பொருளை அயோடின்-123 சேர்த்துச் செலுத்திச் சில மணி நேரம் கழித்துப் படமெடுத்தால், இயல்பான மூளையில் இருபுறமும் காற்புள்ளி வடிவில் ஒளி தெரியும். நோயுற்ற மூளையில் வால்பகுதி அழிந்து அது முற்றுப்புள்ளியாகக் குறுகிவிடும். இயன் மெக்கீத் குழுவினர் 326 நோயாளிகளிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், லூயி பாடி வகை என மருத்துவர்கள் கருதியவர்களில் 77.7 விழுக்காட்டினரைப் படமும் அவ்வாறே காட்டியது. அவ்வகை அல்ல எனக் கருதியவர்களில் 90.4 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. ஆனால் இது விடை சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பார்க்கின்சன் நோயிலும், நெற்றி-பொட்டுமடல் வகை சிலவற்றிலும் அதே நரம்புகள் அழிவதால், அல்சைமரா லூயி பாடியா என்ற ஐயம் இல்லாத இடத்தில் இப்படத்தைக் கேட்டு வாங்குவது வீண்செலவு. ஜப்பானில் வளர்ந்த இதய நரம்புப் படமும் இதற்குத் துணையாகிறது. மூளைநோயொன்றை அறிய மார்பைப் படமெடுப்பது வியப்பாகத் தோன்றினாலும், லூயி பாடி வகையில் இதயத்துக்குச் செல்லும் தன்னியக்க நரம்புகளும் கெடுகின்றன என்பதே அதன் அடிப்படை.

இதுவரை சொன்னவை எல்லாம் நோயின் விளைவுகளைக் காட்டுபவை. அல்சைமர் நோயின் மூலப்பொருளையே உயிருள்ள மூளையில் காணும் முயற்சி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேதிஸ் ஆகியோரின் உழைப்பால் கைகூடியது. இறந்த மூளையில் அமிலாய்டு படிவுகளைக் காட்ட ஆய்வகங்களில் பயன்பட்டு வந்த தயோஃபிளேவின் என்னும் சாயத்தின் மூலக்கூறை மாற்றியமைத்து, கார்பன்-11 சேர்த்து அவர்கள் உருவாக்கிய பொருள், சுவீடனின் உப்சாலாவில் 2002-இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. நுண்ணோக்கியின் சாயம் உயிருள்ளவரின் இரத்தத்தில் பயணம் செய்த அந்நிகழ்வு இத்துறையின் திருப்புமுனை. 16 நோயாளிகளையும் ஒப்பீட்டுக்கு 9 பேரையும் கொண்ட முதல் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அதை உற்பத்தி செய்யும் சைக்ளோட்ரான் மருத்துவமனை வளாகத்திலேயே இருந்தாக வேண்டும். 110 நிமிட அரை ஆயுளுள்ள ஃபுளோரின்-18 சேர்ந்த மாற்றுப் பொருள்கள் வந்தபிறகே இப்படம் பரவலானது. அவற்றுள் முதலாவதான ஃபுளோர்பீட்டாபிர் 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அல்சைமரின் இன்னொரு புரதமான டாவ் பரவுவதைக் காட்டும் ஃபுளோர்டௌசிபிர் 2020-இல் வந்தது. நோயின் முற்றலோடு டாவ் படம் ஒத்துப்போகுமளவு அமிலாய்டு படம் ஒத்துப்போவதில்லை என்பதும் அதன்பின் உறுதியாயிற்று.

அமிலாய்டு படத்தின் வலிமை மறுப்பதில் இருக்கிறது, உறுதிசெய்வதில் அன்று. படத்தில் அமிலாய்டு இல்லையென்றால் அல்சைமர் நோய் ஏறக்குறைய இல்லை எனலாம். இருந்தால் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். நினைவுத் திறனில் எக்குறையும் இல்லாதவர்களிலேயே 50 வயதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும் 90 வயதில் 44 விழுக்காட்டினருக்கும் அமிலாய்டு படிந்திருப்பதை 2015-இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு காட்டியது. லூயி பாடி வகை நோயாளிகளில் பாதிப்பேருக்கு அருகிலும் அது காணப்படுகிறது. ஆகவே 55 வயதுக்காரரின் படத்தில் அமிலாய்டு தெரிவதும் 88 வயதுக்காரரின் படத்தில் தெரிவதும் ஒரே செய்தியாகா. அமெரிக்காவில் 11,409 பேரிடம் நடந்த ஐடியாஸ் ஆய்வு 2019-இல் வெளியானபோது, அமிலாய்டு படத்துக்குப்பின் நோயாளிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோரின் மருத்துவத் திட்டம் மாறியதும், நான்கில் ஒருவருக்கு அல்சைமர் என்ற முடிவு அல்சைமர் அன்று என மாறியதும் தெரியவந்தது. நோய்ப்பெயர் தவறாகச் சூட்டப்பட்டிருந்தவர்கள் அத்தனை பேர் என்பதே அந்த எண்ணிக்கையின் கனமான பொருள். படம் சரிசெய்தது அந்தப் பெயரை. நோயாளிகளின் பிற்கால நலம் எவ்வளவு மேம்பட்டது என்பது வேறு கேள்வி.

இங்கேதான் வகைபிரிப்பு என்ற எண்ணத்தின் அடித்தளத்தையே ஆராய வேண்டியிருக்கிறது. அல்சைமர் விவரித்த நோயாளி 51 வயதில் மருத்துவமனையில் சேர்ந்தவர். வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் காணும் பழக்கம் அத்தகைய நடுவயது நோயாளிகளிடமிருந்து வந்தது. இன்று டிமென்ஷியாவுடன் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அதைவிட மிக முதியவர்கள். சிகாகோவில் இறக்கும்வரை பின்தொடரப்பட்ட முதியவர்களின் மூளைகளை ஜூலி ஷ்னைடர் குழுவினர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, டிமென்ஷியா இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தன. டேவிட் ஸ்னோடன் கன்னியாஸ்திரீகளிடம் நடத்திய புகழ்பெற்ற ஆய்வும் இதையே வேறுவழியில் சொல்லியிருந்தது: மூளையில் அல்சைமர் மாற்றங்கள் நிறைந்திருந்தவர்களிலும், ஆழ்பகுதியில் ஓரிரு சிறு பக்கவாதத் தழும்புகளும் சேர்ந்திருந்தவர்களிடமே டிமென்ஷியா மிகுதியாக வெளிப்பட்டிருந்தது. 2019-இல் பெயரிடப்பட்ட லேட் என்னும் நிலை இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. டிடிபி-43 என்ற புரதம் படிவதால் 80 வயதைக் கடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுருங்கி, அல்சைமரைப் போன்றே நினைவு குன்றுகிறது; எம்ஆர்ஐயில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஆகவே எண்பதைக் கடந்தவரின் படத்தைப் பார்த்து இது எந்த வகை என்று கேட்பதைவிட, எந்தெந்த நோய்கள் எவ்வளவு எவ்வளவு பங்கு வகிக்கின்றன, அவற்றுள் மருந்துக்கு அடங்குவது எது என்று கேட்பதே பொருத்தம். இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் அவ்வாறு அடங்குபவை என்பதால், வெண்பொருள் மாற்றத்தைக் கலப்புநோய் என்று ஒதுக்கிவிடும் அறிக்கை நோயாளிக்கு அநீதி செய்கிறது.

அமிலாய்டை அகற்றும் லெகானிமாப் 2023-இலும் டோனானிமாப் 2024-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின், படமெடுப்பின் பொறுப்பு இருமடங்காகிவிட்டது. இம்மருந்துகள் நோயை நிறுத்துவதில்லை. தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. அமிலாய்டு உண்டென்று உறுதிசெய்தபின்பே இவற்றைத் தரலாம். அத்துடன், மூளையில் வீக்கமும் நுண்கசிவும் உண்டாக்கக்கூடியவை என்பதால், ஏற்கெனவே நான்குக்கு மேற்பட்ட நுண்கசிவுகள் உள்ளவர்களுக்கு இவற்றைத் தவிர்ப்பதும், மருந்து தொடங்கியபின் குறித்த இடைவெளிகளில் எம்ஆர்ஐ எடுப்பதும் நடைமுறை. ஒரு காலத்தில் தற்செயலாகக் கண்டு அறிக்கையின் கடைசி வரியில் குறிக்கப்பட்ட புள்ளிகளை இப்போது ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது. அதே வேளையில் அமிலாய்டு படத்தின் இடத்தை இரத்தப் பரிசோதனை பிடிக்கத் தொடங்கிவிட்டது. பி-டாவ்217 என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2025-இல் அனுமதி வழங்கியது. இரத்தம் அல்சைமர் உண்டா என்று சொல்லும். மூளையின் எந்தப் பகுதி நலிந்தது, வேறெந்த நோய் உடனிருக்கிறது என்பதற்குப் படமே வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. பெட் கருவிகள் பெருநகரங்களில் பெரும்பாலும் புற்றுநோய்க்காக இயங்குகின்றன; அமிலாய்டு படம் வெகுசில இடங்களோடு நின்றுவிடுகிறது. இந்நிலையில் பயன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய இடம், மாவட்டத் தலைநகரங்களிலும் இன்று எடுக்கப்படும் எம்ஆர்ஐ படத்தைச் சரியாக எடுத்துச் சரியாகப் படிப்பதே. செங்குத்து வெட்டும் நுண்கசிவுக்கான முறையும் சேர்த்து எடுக்கும்படி கேட்பதும், ஹிப்போகாம்பஸுக்கும் வெண்பொருளுக்கும் உச்சிமடலுக்கும் மதிப்பெண் இட்டு எழுதுவதும் கூடுதலாகச் சில நிமிடங்களையே கோரும். பல அறிக்கைகள் மூளைச் சுருக்கம் என்ற இரு சொற்களோடு முடிந்துவிடுவதற்கு, எதைத் தேட வேண்டும் என்பதைப் பரிந்துரைச் சீட்டு சொல்லாததும் ஒரு காரணம். நடை எப்படி மாறியது, உருவங்கள் தெரிகின்றனவா, நடத்தை முதலில் மாறியதா நினைவு முதலில் மாறியதா என்ற மூன்று செய்திகளை மருத்துவர் அச்சீட்டில் எழுதினாலே படம் படிப்பவரின் கண் செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லும்.

எட்டாமல் நிற்பவையும் உண்டு. லூயி பாடிகளை உருவாக்கும் ஆல்ஃபா-சைனியூக்ளின் புரதத்தையோ, டிடிபி-43 புரதத்தையோ அன்றாட மருத்துவத்தில் நேரடியாகக் காட்டும் படம் இன்னும் இல்லை. நெற்றி-பொட்டுமடல் வகையில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு டாவ் புரதமும் ஏனையோரில் பெரும்பாலோருக்கு டிடிபி-43 புரதமும் காரணமாக இருக்க, படத்தில் இருவரின் நெற்றிமடலும் ஒன்றுபோலவே சுருங்கித் தெரிகிறது. ஒரு புரதத்துக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது என்பதால், மருந்துச் சோதனைகளில் எவரைச் சேர்ப்பது என்பதிலேயே இக்குறை பெருந்தடையாக நிற்கிறது. மிகக் குறைந்த அளவில், அதுவும் செல்லுக்குள்ளே இருக்கும் அப்புரதங்களை மட்டும் தேர்ந்து ஒட்டிக்கொள்ளும் பொருளைக் கண்டறிவதே வேதியியலாளர்கள் முன்னுள்ள வேலை. அது கைகூடும்வரை, நோயாளியின் மரணத்துக்குப்பின் குடும்பத்தினர் மனமுவந்து கொடையளிக்கும் மூளைகளே இவ்வகைகளை உறுதிசெய்யும் இறுதி ஆதாரமாக இருந்து வருகின்றன.